மணற் கிடங்கும் எங்கள் ஐயாவும்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று எம்மை இரண்டு நாள் சரியாக உறங்கவிடவில்லை. எழுதியவர் ஓர் இளம் ஆசிரியர். பாடசாலை விட்டதும் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று மெய்வல்லுநர் விளையாட்டுக்களிற் பயிற்றுவிப்பது அவருடைய வழக்கம். அதற்காக அவர் ஒரு சதமும் பெறுவதில்லை. வீடு திரும்பும்போது விளக்கு வைத்து நெடுநேரமாகிவிடுகிறதாம். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நம்முடைய பிள்ளை உண்மையிலேயே தானேதான் வளர்கிறது" என்று ஒருநாள் மனைவியார் கூறிவிட்டாராம். நகைச்சுவை உணர்வுள்ள அம்மையார்! ஆனால் அன்பர் அதனைக் கேட்டு நகைக்கவில்லை. "நான் செய்வது பிழையா?" என்று எம்மைக் கேட்டிருக்கிறார்.

தீர்ப்புக் கூறும் தகுதி எமக்கில்லை. ஆயினும் இவரைப் போன்ற ஒருவரின் பிள்ளையாக வளர்ந்தவர் நாம். ஆகவே, இவ்வாரம் வேறு எழுத எண்ணியிருந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு எமது தந்தையாரைப் பற்றி எழுதத் துணிந்தோம். வாசகர்கள் பொறுத்தருள்க.

நாங்கள் ஐயா என்று அழைத்த எம் தந்தையார் 1919-ல் பிறந்தவர். வலிகாமத்திலே ஒரு கிராமப் பாடசாலையிற் கணிதம் படிப்பித்தவர். மைதானத்துக்குப் பொறுப்பாக அவரை எவரும் நியமிக்கவில்லை. அவர் தாமாகவே அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அவர் கம்பைத் தாண்டியதை எவரும் கண்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு ஊதுகுழலுடன், மணற் கிடங்கின் அருகே குந்தியிருப்பார். உயரம் பாய்தல் அவருக்கு ஒரு கணக்கு. எத்தனை அடி ஓடுவது, எந்தக் காலால் எழுவது, கம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிலத்தை மிதிப்பது என்பவையே அந்தக் கணக்கின் தரவுகள். விடையை அங்குலத்தில் எழுதலாம் என்பதே அவருக்கு அதிலிருந்த இன்பம்.

அந்த மணற் கிடங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர் செம்மண் பூமி. மாரியிற் சேறு, கோடையிற் கல். அதன் மேல் விழுந்தால் எலும்பு மிஞ்சாது. ஆகவே பாடசாலைக்குப் பின்னால் ஒரு பெரிய கிடங்கு வெட்டி, கடற்கரையிலிருந்து மாட்டுவண்டிகளில் மணல் கொண்டுவந்து நிரப்பினார்கள். வண்டிக்கூலி ஐயாவின் சம்பளத்திலிருந்து போயிற்று என்பதை அம்மா பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தார். மழை பெய்தால் மணல் இறுகிவிடும். எனவே நாள்தோறும் பயிற்சி தொடங்குமுன் பிள்ளைகள் மண்வெட்டியால் அதனைக் கிளறி, சிப்பியும் முள்ளும் பொறுக்கவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் மணல் கிளறாதவனுக்குப் பாய்ச்சல் இல்லை. இருபுறமும் நட்ட மூங்கில்களில் அங்குலத்துக்கு ஒன்றாக ஆணிகள் அறைந்திருக்கும். அவற்றின் மேல் மெல்லிய மூங்கிற் கம்பொன்றைக் கிடத்துவார். இவ்வளவுதான் கருவிகள்.

முதலிரண்டு மாதம் புதியவர்களுக்குக் கம்பே கிடையாது. இடுப்பளவில் ஒரு கயிறு கட்டி, சாம்பலால் நிலத்தில் ஏழு புள்ளிகள் இடுவார். அந்த ஏழு அடியும் பிசகாமல் ஓடிவந்து, கம்புக்குத் தொலைவிலுள்ள காலால் நிலத்தை உதைத்து எழும்பி, ஒரு காலின் பின் மறுகாலைக் கத்தரிக்கோல்போல வீசித் தாண்டவேண்டும். இதனைக் கத்தரிப் பாய்ச்சல் என்பார். உலக வீரர்கள் அதனை எப்போதோ கைவிட்டு, வயிறு கம்பை நோக்கியிருக்க உருண்டு தாண்டும் முறைக்கு மாறிவிட்டார்கள் என்பது அவருக்கு நன்கு தெரியும். 1956-ல் ஏழடி உயரத்தை முதன்முதலாகத் தாண்டிய அமெரிக்கர் சார்ள்ஸ் டூமாஸ் அவ்வாறே உருண்டார். ஆனால் கத்தரிப் பாய்ச்சலிற் பிள்ளை இரு காலாலும் மணலில் வந்து நிற்கிறது. "முதலில் நிற்கப் பழகட்டும், பிறகு விழப் பழக்கலாம்" என்பது ஐயாவின் கொள்கை.

கம்பைக் கண்டு தயங்கும் பிள்ளைக்கு அவர் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "கம்பைப் பாராதை பிள்ளை, அது ஓடிப்போகாது. கடைசி மூன்று அடியை எண்ணு." இதனை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போமோ அறியோம்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒருவன் மூன்று முறையும் கம்பை விழுத்திவிட்டால், போட்டி விதிப்படி அவன் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் ஐயாவின் மைதானத்தில் அது முடிவன்று. அவர் எழுந்து கம்பை இரண்டங்குலம் இறக்குவார். போதாவிட்டால் இன்னும் இரண்டு. அவன் ஒருமுறை தாண்டிய பின்னரே சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். விழுந்த கம்போடு ஒரு பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பார். அன்று இருட்டிவிட்டாலும் சரி, மழை தூறினாலும் சரி, அந்தக் கடைசிப் பாய்ச்சல் நடந்தே தீரும்.

எமக்குச் சிறுவயதில் முட்டு வருத்தம் இருந்தமையால் நாம் பாய்ந்ததில்லை. எமக்கு அளிக்கப்பட்ட பதவி கொப்பி எழுதுவது. இன்னார், இத்தனை அடி, இத்தனை அங்குலம். ஐயா அளந்து சொல்ல நாம் எழுதுவோம். "எழுது" என்ற அவர் குரலே எம்மை எழுத்துத் துறைக்கு அனுப்பியது என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். ஆனால் பொய்யன்று.

வீட்டில் அவர் எப்படி என்று அன்பரின் மனைவியார் கேட்பார். பயிற்சி முடிந்ததும் ஏழெட்டுப் பையன்கள் எங்கள் படலையடியில் நிற்பார்கள். அம்மா அவித்த பயறும் பனங்கட்டித் தேநீரும் கொடுப்பார். மாதக் கடைசியிற் பயற்றுப் பானை வெறுமையாகிவிடும். அந்நாட்களில் ஒடியற் கூழ். "இவங்கள் பாய்ந்து பாய்ந்து என்ரை பானையைத்தான் தாண்டுறாங்கள்" என்று அம்மா முணுமுணுத்தது உண்டு. ஆனால் ஒருநாள் பையன்கள் வரத் தாமதமானால் படலையை எட்டி எட்டிப் பார்ப்பவரும் அம்மாதான். இராச்சாப்பாட்டின் பின் ஐயா எங்களுடைய ஐயாதான். அரிக்கன் விளக்கைச் சுற்றி எங்களை இருத்திப் பாடம் கேட்பார். காலையிற் பாடசாலைக்குப் போகும் துவிச்சக்கரவண்டியின் முன் பாரில் தங்கை, பின்னால் நாம். மிதியை ஒருமுறை மிதித்தால் வாய்பாட்டில் ஒரு வரி சொல்லவேண்டும். ஏற்றத்தில் வண்டி மெதுவாகும்போது பன்னிரண்டாம் வாய்பாடும் இலகுவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று கீரிமலைக் கேணி, அல்லது மாவிட்டபுரத்துக் கோயில், அல்லது வெறுமனே விறாந்தையில் அப்பாச்சிக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்துக்கொண்டு கதை. அவரைக் காணாமல் நாங்கள் ஏங்கியதாக எமக்கு நினைவில்லை.

1958-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி எம் மனத்திலிருந்து அகலாத காலம். எமக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. நாட்டில் இனக்கலவரம் மூண்டு, மே 27-ல் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. தெற்கிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட உறவினர் இரு குடும்பத்தினர் சில நாட்களின் பின் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். உடுத்த துணியோடு வந்தவர்கள். அதே நாட்களில்தான் டோக்கியோ நகரில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்தது. பெரியவிளானிற் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அங்கே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. எந்த நாட்டுக்காக, எந்த நாட்களில் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இன்றும் நெஞ்சு கனக்கும்.

ஐயா அச்செய்தியைக் கேட்டு வந்து, ஒன்றும் பேசாது, அளவுநாடாவை எடுத்தார். நடுக்கூடத்துச் சுவரில் நிலத்திலிருந்து ஆறடி எட்டங்குலத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு இழுத்தார். வெள்ளையடித்த சுவரைப் பாழாக்கியதற்காக அப்பாச்சி ஏசியது இன்றும் காதிற் கேட்கிறது. அகதிகளாக வந்த பிள்ளைகளும் நாங்களுமாக அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். ஐயா கையை உயர்த்தியும் அவருக்கு எட்டியது அதற்குச் சற்று மேல்வரையே. "இதுக்கு மேலாலை ஒரு ஆள் போயிருக்கிறான். எங்கடை பக்கத்து ஊர்ப் பிள்ளை" என்றார். அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பையன் அழுகையை நிறுத்தினான். எம் தங்கையோ கொல்லைப்புறம் ஓடிப்போய், இரு முருங்கை மரங்களுக்கிடையே வாழைநார் கட்டித் தாண்டத் தொடங்கிவிட்டாள். எதிர்வீரசிங்கம் அவர்கள் 2024-ல் காலமான செய்தியைப் பத்திரிகையிற் படித்தபோது எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது டோக்கியோ அன்று. அந்த வாழைநார்தான்.

தங்கையைப் பற்றி எழுதுவதற்கு அவளிடம் உத்தரவு பெற்றுக்கொண்டோம். "உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ அண்ணா, ஐயாவைக் காப்பாற்றி எழுதவேண்டாம்" என்றாள். ஆகவே எழுதுகிறோம்.

அவளுடைய ஆர்வத்தைக் கண்ட ஐயா, வளவின் பின்புறத்தில் அவளுக்கென்று இரண்டு மூங்கில்களை நட்டு ஆணி அறைந்து கொடுத்தார். அரைவண்டி மணலும் வந்தது. காலை ஐந்தரை மணிக்கு, ஊர் விழிக்குமுன், தந்தையும் மகளும் அங்கே நிற்பார்கள். நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொப்பியோடு பக்கத்தில் இருப்போம். அவள் மெலிந்தவள், கால் நீண்டவள். ஏழு அடியை அவள் ஓடிவரும்போது மண்ணில் அவள் கால் பட்டதா என்று ஐயம் தோன்றும். 1964-ல், பன்னிரண்டாவது வயதில், கத்தரிப் பாய்ச்சலில் நாலடி இரண்டங்குலம் தாண்டினாள். வெறுங்காலுடன், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு! அவள் வயதுப் பையன்களுள் அந்த உயரத்தைத் தாண்டியவன் அன்று எங்கள் கொப்பியில் ஒருவனே. ஐயா நாடாவை இருமுறை பிடித்து அளந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எழுது" என்றார்.

அடுத்த ஆண்டு அவள் பெரியபிள்ளையானாள். முப்பத்தொரு நாள் கழிந்து, தண்ணீர் வார்ப்பும் சடங்கும் முடிந்தன. இனி அவள் வேலியோரம் துள்ளுவதைத் தாம் பார்த்திருக்க முடியாது என்று அப்பாச்சி கூறிவிட்டார். நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகவேண்டிய பெட்டை, கால் முறிந்தால் யார் பொறுப்பு, ஊர் என்ன சொல்லும் என்று அந்நாளில் எல்லா வீடுகளிலும் கேட்ட கேள்விகளே எங்கள் வீட்டிலும் கேட்டன. அப்பாச்சியை நாம் குறைகூற மாட்டோம். அவர் தாம் அறிந்த உலகத்தைப் பேசினார். அம்மா, "அவளுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்று ஐயாவிடம் சொன்னதைக் கேட்டோம். ஐயா பதில் கூறவில்லை.

மறுநாள் விடியற்காலை தங்கை வழமைபோல எழுந்து பின்வளவுக்குப் போனாள். அங்கே மூங்கில்கள் இல்லை. அவை நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. இரவோடிரவாக ஐயா அவற்றைப் பிடுங்கித் துவிச்சக்கரவண்டியிற் கட்டிப் பாடசாலைக்குக் கொண்டுபோய்விட்டார். அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. விழுந்த கம்போடு எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பாதவர், தம் மகளுக்குக் கம்பையே இல்லாமற் செய்துவிட்டுப் பேசாதிருந்தார்.

தங்கை அழவில்லை. குழிகளைக் காலால் மண் தள்ளி மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றைய கொப்பிப் பக்கத்தில் நாம் திகதி மட்டும் எழுதினோம்.

அன்பரே, பிழையா என்று கேட்டீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த மாலைப்பொழுதுகள் எங்களிடமிருந்து எதனையும் பறிக்கவில்லை என்பதை எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வோம். எம் வீட்டில் நேர்ந்த பிழை மைதானத்தில் நேர்ந்ததன்று. ஊருக்கெல்லாம் வாய் திறந்து பேசியவர் தம் மகளின் முன் வாய் திறவாத அந்த ஒரு காலையில் நேர்ந்தது.

அதன் பின் நடந்தது விந்தை. 1966-ல் ஐயா பாடசாலையிற் பெண்பிள்ளைகளுக்கு உயரம் பாய்தலும் ஓட்டமும் பயிற்றுவிக்கத் தொடங்கினார்! வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் மன்றாடினார். 1928-ஆம் ஆண்டு தொடக்கமே ஒலிம்பிக் விழாவில் பெண்கள் உயரம் பாய்கிறார்கள் என்று எடுத்துரைத்தார். எந்தத் தாயும் அதற்கு மசிந்ததாகத் தெரியவில்லை. விளக்கு வைக்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் தாமே படலைவரை கொண்டுவந்து விடுவதாக வாக்களித்ததும், வயது முதிர்ந்த ஓர் ஆசிரியையைத் துணைக்கு அமர்த்தியதுமே காரியத்தைச் சாதித்தன. முதலில் நான்கு பேர், பிறகு ஆறு பேர் வந்தார்கள். ஊரில் முணுமுணுப்புக் கிளம்பியது. அப்பாச்சியும் முணுமுணுத்தார். இம்முறை ஐயா அசையவில்லை. ஆனால் அந்த ஆறு பேருள் எம் தங்கை இல்லை. அவளை அவர் அழைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பயிற்சி முடிந்து படலையடிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்குப் பயறு அள்ளிக் கொடுப்பவள் அவளாக இருந்தாள்.

1968 அக்டோபரில் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பெரி என்ற அமெரிக்கர், முதுகு கம்பை நோக்க, தலை முந்திச் செல்ல, மல்லாந்து பறந்து 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் பெற்றார். பத்திரிகைப் படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பையன்கள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். சாக்குக்குள் வைக்கோல் அடைத்து மணல் மேற் போட்டுத் தாங்களும் அப்படிப் பாய்வோம் என்றார்கள். ஐயா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அமெரிக்காவில் ஆளுயர மெத்தை போட்டிருக்கிறார்கள், அதனால் அவன் கழுத்தின் மேல் விழலாம், இங்கே சாக்கு ஒரு சாண் விலகினாற் பிள்ளையைப் பாடையிற்றான் கொண்டுபோகவேண்டும் என்றார். ஆனால் கணக்கு ஆசிரியரல்லவா? அந்தப் பாய்ச்சல் எப்படி இயல்கிறது என்பதை விளக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

முற்றத்திலே தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐயா அவளுடைய வாளியிலிருந்து ஈர வேட்டியொன்றை எடுத்துக் கொடியின் மேல் மெல்ல இழுத்தார். "பாருங்கோ, வேட்டியின் ஒரு பாகந்தான் எந்த நேரமும் கொடிக்கு மேலை நிற்குது. முன்பாகம் அங்காலை தொங்குது, பின்பாகம் இன்னும் இங்காலை கிடக்குது. முழு வேட்டியையும் ஒரே நேரத்திலை தூக்கத் தேவையில்லை. உடம்பு வளைந்தால், உடம்பின் பாரம் கம்புக்குக் கீழாலை போக, ஆள் மேலாலை போகலாம்" என்றார். பின்னர் படத்தை உற்றுநோக்கி, ஓட்டத்தையும் கால் எழும் விதத்தையும் சுட்டிக்காட்டி, "தொலைக் காலாலை எழும்புறான். இது எங்கடை கத்தரிப் பாய்ச்சலின் பேரப்பிள்ளை" என்று மகிழ்ந்தார். அது சரியே. பொஸ்பெரி பழைய கத்தரிப் பாய்ச்சலிலிருந்தே சிறிது சிறிதாகத் தம் முறையை வளர்த்தவர். பையன்கள் கைகொட்டினார்கள். ஐயா வேட்டியைச் சுருட்டித் தங்கையின் வாளியிற் போட்டார். அவள் அதனை எடுத்து உதறி, மறுபடி கொடியில் விரித்தாள்.

ஆண்டுகள் ஓடின. 1979-ல் ஐயா ஓய்வு பெற்றார். ஓய்வின் பின்னும் மணற் கிடங்கை விடவில்லை. தங்கை திருமணமாகிக் கொழும்பு சென்றாள். 1995 அக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியபோது, எழுபத்தாறு வயது ஐயாவும் மழையில் நடந்து தென்மராட்சி சேர்ந்தார். கொப்பிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே நாம் மேலே தந்த அளவுகளுக்கு எம் நினைவையன்றி வேறு சான்றில்லை. அளவுநாடா மட்டும் அவர் மடியில் இருந்தது. பின்னர் அவரும் அம்மாவும் வெள்ளவத்தையில் தங்கை வீட்டில் வந்து தங்கினார்கள்.

2000 செப்டெம்பர் 28, பிற்பகல். சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி ஓட்டம். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் எல்லோரும் கூடியிருந்தோம். சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் பின்னாளிற் தகுதியிழந்தமையால் அது வெள்ளிப் பதக்கமாயிற்று. 1948-ல் இலண்டனில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி பெற்றதன் பின், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம். தெருவில் வெடி கொளுத்தினார்கள். ஐயாவின் கண்கள் நிறைந்திருந்தன. "கிராமத்துப் பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தங்கை எழுந்து பெட்டியை நிறுத்தினாள். முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்காததைக் கேட்டாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஐயா?"

எதனைக் கேட்கிறாள் என்று அவர் விசாரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. நெடுநேரம் அளவுநாடா இருக்கும் மடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பாச்சிக்குப் பயந்தோ?" என்றாள் தங்கை.

"இல்லைப் பிள்ளை. அப்பாச்சியோடை கதைத்திருக்கலாம். உன்ரை முகத்தைப் பார்க்கத்தான் பயம். நீ ஏன் எண்டு கேட்டால் என்னட்டை மறுமொழி இல்லை."

"மற்றப் பெட்டையளைக் கூட்டிக்கொண்டு வந்தியளே. அப்பவாவது என்னைக் கேட்டிருக்கலாம். கொடியிலை போட வைத்திருந்த வேட்டியைத்தான் கேட்டியள்."

"ஓம். அது என்ரை பிழை" என்றார் ஐயா. வேறொன்றும் கூறவில்லை. தங்கையும் கூறவில்லை. தேநீர் வைக்கப் போனாள். மன்னித்தாளா என்று பிற்காலத்தில் அவளைக் கேட்டோம். "மன்னிப்பென்ன, அவர் ஓம் எண்டு சொன்னது எனக்குக் காணும்" என்றாள்.

2003-ல், எண்பத்து நான்காவது வயதில், ஐயா காலமானார். தலை நரைத்த மாணவர்கள் பலர் வந்தார்கள். கடல் கடந்து வாழ்பவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களுள் இரு பெண்களும் இருந்தார்கள். அவற்றையெல்லாம் விரித்தெழுத இடமில்லை. முந்தின ஆண்டு நடந்த ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறோம்.

2002-ல் போர்நிறுத்த உடன்பாட்டின் பின் ஏ-9 வீதி திறந்ததும், ஊரைப் பார்க்கவேண்டும் என்று ஐயா பிடிவாதம் பிடித்தார். வான் ஒன்றிற் சென்றோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கரிக்கோடு இழுத்த சுவரும் இல்லை. கதவு நிலைகளை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். பின்வளவில் முருங்கைகள் பட்டு, புதிதாக முளைத்த இரண்டு நின்றன. பக்கத்து வளவில் மீளக் குடியேறிய குடும்பத்தின் பிள்ளைகள் நாலைந்து பேர் கயிறு கட்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலி இல்லாதபடியால் எல்லாம் ஒரே வளவாகக் கிடந்தது.

ஐயா ஒரு கல்லின் மேல் அமர்ந்து பார்த்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். மூன்றாவது நிமிடம், "கயிற்றைப் பாராதை பிள்ளை, அது ஓடிப்போகாது" என்று தொடங்கிவிட்டார். கயிற்றின் ஒரு நுனியைத் தங்கை பிடித்தாள், மறுநுனியை நாம் பிடித்தோம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று முறை கயிற்றிற் கால் தடக்கி விழுந்தாள். ஐயா கையைக் காட்ட, நாங்கள் கயிற்றை இறக்கினோம். அவள் தாண்டினாள். மற்றப் பிள்ளைகளும் தாண்டினார்கள். பொழுது சாய்ந்தது. வான் சாரதி ஒலியெழுப்பினார்.

"இன்னும் ஒராள் இருக்கு" என்றார் ஐயா.

நாங்கள் சுற்றிப் பார்த்தோம். அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போது ஐம்பது வயது. முழங்காலில் வாதம். "விசரோ ஐயா உங்களுக்கு!" என்றாள். ஐயா கயிற்றின் நுனியை அவள் கையிலிருந்து தாம் வாங்கிக்கொண்டார். மறுகையால் இறக்கு, இறக்கு என்று எமக்குச் சைகை காட்டினார். கயிறு முழங்காலுக்குக் கீழே வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கை சிறிது நேரம் நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். ஏழு அடி. ஓடவில்லை, விரைந்து நடந்துதான் வந்தாள். ஆனால் தொலைக் காலால் எழும்பி, ஒரு காலின் பின் மறுகாலை வீசினாள்.

ஐயா மடியிலிருந்து நாடாவை எடுத்து நிலத்திலிருந்து கயிறுவரை அளந்தார். இருமுறை அளந்தார்.

"ஓரடி மூன்றங்குலம்" என்றார். பிறகு எம் பக்கம் திரும்பி, "எழுது" என்றார்.

எம்மிடம் கொப்பி இல்லை. வான் சாரதியிடம் ஒரு துண்டுக் கடதாசி வாங்கி எழுதினோம்.